சோதிக்காத ஃப்ளாப்பி

மறுபடியும் முதலிலிருந்து அடிக்கச் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அழுவதற்கும் உட்கார ஒரு இடம் வேண்டும். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாற்காலி. அதிலும் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

கனகம் இப்படி நினைத்தபடி ஜாஹிதாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜாஹிதா நூறடி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள். சனிக்கிழமை மத்தியானம் கடையை அக்காவிடம் விட்டுவிட்டு, பீளமேட்டில் இருந்த கனகத்தின் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடினாள். திறந்ததிலெல்லாம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரிசை வரிசையாக நின்றன.

"இது என்னங்கக்கா, யாரோடயோ தீசிசுங்களா?"

"ஆமா. மூணாவது அத்தியாயம். நாலாவதும் போச்சு. அஞ்சாவதுல பாதி அடிச்சு வெச்சிருந்தேன்."

"காப்பி எடுத்து வெக்கலீங்களா?"

"வெச்சேன். அதே கம்ப்யூட்டர்லயே இன்னொரு பேருல வெச்சேன்."

ஜாஹிதா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கனகத்துக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பதற்கான தெம்பு இல்லை. நேற்றுக் காலையில் திரையில் முதல் கட்டம் தெரிந்ததிலிருந்து அவள் உடம்பில் ஒரு சோர்வு வந்து உட்கார்ந்துவிட்டது. காய்ச்சல் விட்ட மறுநாள் மாதிரி, எதைத் தொட்டாலும் அது தூரத்தில் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கியது அல்ல. அவள் கணவர் வெங்கடபதிக்கு ஆவாரம்பாளையத்தில் பம்புசெட் உதிரி செய்கிற லேத் பட்டறை. கொட்டேஷன் அடிக்க என்று தொண்ணூற்றைந்தில் வாங்கிவந்து, அடிக்க ஆள் இல்லாமல் உறை போட்டு மூடி வைத்திருந்தார். கனகம் கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். ஒருநாள் உறையை எடுத்தாள். இந்த இரண்டு வருஷத்தில் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக, ஆய்வேட்டுக் காகிதங்களோடு வந்து அழைப்பு மணியை அடித்தார்கள். வெங்கடபதி தடுக்கவில்லை. பொழுது போகட்டும் என்றார்.

"உங்ககிட்ட நான் மாசி மாசமே ஒரு ஆன்ட்டி வைரஸ் போட்டுக் குடுத்தனே, அத ஓட்டறதில்லீங்களா?" என்று ஜாஹிதா கேட்டாள்.

"ஓட்டறனே."

"எல்லா ஃப்ளாப்பிக்குமா?"

கனகம் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினாள். ஜாஹிதா அதைக் கவனிக்கவில்லை. ஏதோ ஒரு கோப்பின் மேல் அம்பை வைத்து, அதன் விவரத்தைத் திறந்தாள்.

"இதப் பாருங்க. நீங்க எந்த லெட்டரத் தொறந்தாலும் இந்த ஃபைலப் பாத்துத்தான் வேர்டு தொறக்கும். வைரஸ் இதுக்குள்ளதான் போயி உக்காந்திருக்குது. உடனே ஒண்ணும் பண்ணாது. ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டு அப்பறம் ஆரம்பிக்கற ஜாதி. உள்ள வந்த தேதி போட்டிருக்குது பாருங்க. ஆகஸ்ட் பதினஞ்சு, பதினொண்ணு இருபது. அன்னிக்கு யாருங்க வந்தாங்க?"

சுதந்திர தினம். பொன்விழா வருஷம் என்பதால் தெருவெல்லாம் ஒலிபெருக்கி. கல்லூரி விடுமுறை. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் கொடியேற்றிவிட்டு, சட்டைப்பையில் குத்திய காகிதக் கொடியோடு வந்தவர் ஒருவர்தான்.

"எங்க அண்ணன்" என்றாள் கனகம்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வெங்கடபதியின் அக்காள் ராசாத்தாளின் கணவர் சென்னிமலை. முறைப்படி கனகத்துக்கு அண்ணன். பெருந்துறையில் நூல் மில்களுக்கு உதிரி செய்யும் கம்பெனி வைத்திருந்தார். மகன் மனோஜ்குமாருக்கு ஐப்பசியில் கல்யாணம். பத்திரிகை உறைகளில் ஒட்ட எண்ணூறு விலாசம். அதை அவர் ஆபீசில் அடித்து, இங்கே அழகாக அச்செடுத்துத் தரச் சொல்லி ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். "கோயமுத்தூர்க்காரங்களுக்கு நம்ம அம்மணி அடிச்சுக் குடுத்தாத்தான் பார்வையா இருக்கும்" என்று சொல்லி, ஃப்ளாப்பியை லட்டு டப்பாவின் மேல் வைத்து நீட்டினார். அவள் அதை வாங்கினாள். நேரே உள்ளே போட்டாள்.

ஜாஹிதா பையிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

"ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கங்க. ரெண்டும் சுத்தம் பண்ணீரும். போன எழுத்து திரும்பி வராது, அது வேற. செகப்பு, இப்ப உங்ககிட்ட இருக்கற மாதிரித்தான். நாம கூப்பிட்டு, இந்த ஃப்ளாப்பியப் பாருன்னு சொன்னாப் பாக்கும். சொல்லாட்டிப் பாக்காது. நீலம் அப்பிடியில்லீங்க. நீங்க எதைப் போட்டாலும் அதுவா ஓடிப் பாத்துட்டுத்தான் தொறக்க உடும். ஒரு ஃப்ளாப்பிக்கு ஒண்ணரை நிமிசம் ஆகும். நிறுத்தவும் முடியாது. அதனாலயே நெறையப் பேரு வேண்டாங்கறாங்க."

"நீயி எதை எடுப்பே?"

"என்ற கடைல நீலம்தான். வாரவங்க மொகத்தப் பாத்துப் பாத்து முடிவு பண்ண எனக்கு நேரம் ஏதுங்க?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். புதன்கிழமைக்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும், ஆனால் உறை பிரித்ததை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

கனகம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எல்லா ஃப்ளாப்பிக்குமா. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும்தான். மாசியில் கம்ப்யூட்டர் ஒருதரம் நின்றுபோனபின், யார் எதைக் கொண்டுவந்தாலும் சோதித்துவிட்டே திறந்தாள். ஆனி மாதத்தில் சென்னிமலை ஒரு கடிதத்தோடு வந்தார். அவள் வழக்கம்போலச் சோதனையை ஓட்டினாள். அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"என்னம்மணி, எங்கூட்ல இருந்து வாரதுலயும் சீக்கு இருக்குதான்னு பாக்கறியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே காபியைப் பாதியில் வைத்தார்.

அவர் போன பிறகு வெங்கடபதி சொன்னார். "மத்தவங்களுக்குப் பாரு கனகு, வேண்டாங்கல. மச்சான் மூஞ்சிக்கு முன்னால போயி அப்பிடிப் பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?"

அது ஒரு பெரிய விஷயமாக அவளுக்கு அன்று படவில்லை. விருந்தாளி கொண்டுவந்த பழத்தை அவர் எதிரிலேயே முகர்ந்து பார்க்க மாட்டோமல்லவா, அதுபோல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சென்னிமலைக்குச் சோதிக்காமல் விட்டபின், பட்டறைப் பங்காளிக்கு விட வேண்டியிருந்தது. பிறகு வெங்கடபதியின் சித்தப்பா மகனுக்கு. பிறகு அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துபோனது, யாருக்குச் சோதிக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று. ஆடி முடிவதற்குள் சோதிக்க வேண்டியவர்களில் ஒருத்திதான் மிச்சம், இப்போது கட்டங்களாகிப் போன ஆய்வேட்டுக்காரி. மெர்சி.

வெங்கடபதி ஒருநாளும் மெர்சியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. முதல் நாள் மட்டும் கேட்டார்.

"எந்த ஊருங்க அம்மணி?"

"ஊத்துக்குளிங்க."

"ஊத்துக்குளில எங்க?"

"காலனிங்க" என்றாள் மெர்சி. அடுத்த கேள்விக்கு வேலை இல்லாமல் செய்கிற குரல். அவர் "சரி, சரி" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவள் வரும் நேரத்தில் முன்னறையில் உட்கார மாட்டார்.

நாலு மணிக்கு மெர்சி வந்தாள். செருப்பை வாசல்படிக்குக் கீழே, வெயிலில் விட்டுவிட்டு ஏறினாள். மூடிப்போன மில்களில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி அவள் எம்.ஃபில் செய்துகொண்டிருந்தாள். செப்டம்பர் இருபதுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது.

அறைக்குள் வந்ததும், வணக்கம் சொல்லும் முன்பே, கல்லூரிக் கம்ப்யூட்டரில் எடுத்த அட்டவணைகள் இருந்த ஃப்ளாப்பியை நீட்டினாள். "பாத்துக்கங்கக்கா."

ஒவ்வொரு முறையும் இப்படித்தான். யாரும் கேட்கும் முன் தானே நீட்டிவிடுவாள். பிறகு அந்த ஒன்றரை நிமிடம், உள்ளே ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றிக்கொண்டிருக்க, மெர்சி சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பாள். கனகம் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைப்பாள். 'ஒன்றும் இல்லை' என்று திரையில் வந்ததும் இருவருக்கும் முகம் இளகும். அந்த இளக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கனகம் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருக்க ஆயிரம் வேலை இருந்தது.

"உக்காரு மெர்சி."

"இருக்கட்டுங்கக்கா."

"உக்காரு. ஒண்ணு சொல்லோணும்."

மெர்சி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கனகம் சொன்னாள். மூன்று, நாலு, ஐந்தில் பாதி. மெர்சி கைக்குட்டையை மடித்து, இன்னும் சின்னதாக மடித்தாள்.

"என்ற ஃப்ளாப்பில இருந்துங்களாக்கா?"

கேட்டவிதம் கனகத்தைக் குத்தியது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பாள் போலிருந்தது.

"உன்றது இல்ல. எங்க அண்ணன் கொண்டாந்ததுல இருந்து."

"நெசமாத் தெரியுங்களா?"

"தேதி போட்டிருக்குது. அதுவுமில்லாம உன்றத நான் ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கறனே."

"ஆமாங்க" என்றாள் மெர்சி. "பாத்திருக்கறீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. குற்றம் சாட்டியிருந்தால் கனகம் ஏதாவது ஒரு சமாதானம் தேடியிருப்பாள். மெர்சி சும்மா, நடந்ததை நடந்ததாக ஒத்துக்கொண்டாள். கனகத்துக்குக் காது மடல் சுட்டது. ஆறு மாதமாக இந்தப் பெண்ணை நிறுத்தி வைத்துச் சோதித்தது, இன்று இவளுக்கு நற்சான்று ஆகியிருக்கிறது. அதைக் கொடுக்கிற கையும் தன்னுடையதே.

"கையெழுத்துப் பிரதி இருக்குதில்ல?" என்றாள்.

"இருக்குதுங்க. நாலாவதுல மட்டும் பென்சில்ல திருத்துனது கொஞ்சம் அழிஞ்சிருக்குது. நான் படிச்சுச் சொல்றேன், நீங்க அடிங்க. சீக்கிரம் ஆகும்."

"கைவலி எனக்கு."

"அப்ப நான் அடிக்கறேன், நீங்க படிங்க. ரெண்டு வெரல்லதான் அடிப்பேன். கிறிஸ்துமசுக்கு முடிஞ்சுரும்."

கனகம் சிரித்துவிட்டாள். இந்த இரண்டு நாளில் முதல் தடவை. பிறகு நீலப் பெட்டியை எடுத்து, உறையை நகத்தால் கீறிப் பிரித்தாள். உள்ளே ஐந்து ஃப்ளாப்பிகள். ஒவ்வொன்றாகப் போட்டு, அது கேட்டதற்கெல்லாம் சரி என்று தட்டினாள். ஏன் இதை எடுத்தாள் என்று மெர்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. யாருக்குப் பார்ப்பது, யாருக்கு விடுவது என்கிற வேலை தன் கையில் இருக்க வேண்டாம் என்று மட்டும் இருந்தது. அந்த வேலையைச் செய்து செய்து அவள் அலுத்துப்போயிருந்தாள். செய்துகொண்டிருந்தபோது அது ஒரு வேலை என்றே தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் பதினோரு பக்கம் ஆனதும் மெர்சி கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பிய கொஞ்ச நேரத்தில் வெங்கடபதியின் ஸ்கூட்டர் வந்தது. ஆறு மணிகூட ஆகவில்லை. சனிக்கிழமை பட்டறையில் சம்பளம் போட்டுவிட்டு வர எட்டாகும். சீக்கிரம் வந்திருக்கிறார் என்றாலே ஏதோ இருக்கிறது.

கை கால் கழுவிவிட்டு வந்தவர் பெட்டிகளைப் பார்த்தார். "ரெண்டு எதுக்கு?"

சொன்னாள்.

"செகப்பே போதுமே. வேண்டியதுக்கு வேண்டியப்பப் பாத்துக்கலாம்."

"நீலம் போட்டாச்சுங்க."

"அதுக்குள்ளயா? நாளைக்கு மச்சான் மிச்ச விலாசத்தோட வந்தா என்ன பண்ணுவே?"

"அது தானாப் பாக்குமுங்க. நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

அவர் அதை விட்டுவிட்டார். மனதில் வேறு ஏதோ இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு முதுகு வலிக்கிறது என்று மேஜையின் கால்களைத் தானே அறுத்து உயரத்தைக் குறைத்துக் கொடுத்தவர். அதனால்தான் அவரிடம் எதையும் மறுப்பது இத்தனை வருஷமாக அவளுக்குக் கடினமாக இருந்தது.

"மச்சான் பட்டறைக்கு போன் பண்ணியிருந்தாங்க. அவுங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் போச்சாமா. அது போனாப் போகுது, மேட்டுப்பாளையத்துச் சம்பந்திக்கும் அதே ஃப்ளாப்பியக் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது, விலாசம் சரிபாக்க. அங்க பாக்கு மண்டில மூணு வருசத்து லெட்டரெல்லாம் கட்டம் கட்டமாப் போச்சாமா. மாப்ளை ஊட்டுக்காரங்க குடுத்ததுல வந்துச்சுன்னு மண்டி முழுக்கப் பேச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே இப்பிடின்னு பொண்ணோட பாட்டி ஒரு மாதிரி பேசறாங்களாமா."

"அவங்க ஃப்ளாப்பில இருந்துதானுங்க இங்கயும் வந்துச்சு. ஜாஹிதா தேதி காட்டுனா."

வெங்கடபதி நம்பாமல் இல்லை. நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் சோர்வாக இருந்தது.

"அது நமக்குள்ள இருக்கட்டும் கனகு. மச்சான் என்ன சொல்றாங்கன்னா, இங்க வெச்சு அடிச்சப்ப அந்தக் காலேஜுப் புள்ளையோட ஃப்ளாப்பில இருந்து ஒட்டியிருக்கும்னு சம்பந்திகிட்டச் சொல்லீட்டாங்களாமா. உன்ற வாயால ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லீட்டா அவங்களுக்கு ஒரு தெம்பு. சம்பந்தியோட தம்பி அந்தப் புள்ள படிக்கற காலேஜு கமிட்டில இருக்கறாராமா. அவரு விசாரிப்பாரு போல."

"விசாரிச்சு?"

"என்னத்தப் பண்ணப் போறாங்க. ரெண்டு வார்த்தை கேப்பாங்க."

"அவளுக்கு இருவதாந் தேதி தீசிஸ் குடுக்கோணுமுங்க."

"அதெல்லாம் குடுப்பா. அந்தப் புள்ளைக்கு என்ன, படிச்ச புள்ள, சமாளிச்சுக்கும். நமக்கு அப்பிடியா? ராசாத்தாக்கா மூஞ்சில முழிக்கோணும். கல்யாணத்துல முன்னால நிக்கோணும்."

படித்த பிள்ளை சமாளித்துக்கொள்ளும். மெர்சி கைக்குட்டையை மடித்தது கனகத்தின் கண்ணுக்குள் வந்தது. அவள் சமாளிப்பாள்தான். என் ஃப்ளாப்பியாக இருக்குமோ என்று அவளே முதலில் கேட்டவள். கமிட்டி ஆள் கேட்டால், அக்கா சொல்லியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையைக் குனிந்துகொள்வாளோ என்னவோ. அந்தக் குனிவுக்கு ஆறு மாதமாகப் பழக்கியது யார்?

கூடத்தில் போன் அடித்தது. வெங்கடபதி எழுந்து போனார்.

"ஆமாங்க மச்சான்... இப்பத்தான் வந்தேன்... இருக்கறாளுங்க. சொல்லியிருக்கறேன். இருங்க, குடுக்கறேன்."

ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். உத்தரவு போடுகிற பார்வை இல்லை, ஏறக்குறைய கெஞ்சுகிற பார்வை. "ஒரே வார்த்தை" என்று உதட்டை அசைத்தார்.

அவள் வாங்கினாள்.

"அம்மணி, நல்லா இருக்கறியா கண்ணு?"

"இருக்கறனுங்கண்ணா. அண்ணி நல்லா இருக்கறாங்களா?"

"இருக்கறா, இருக்கறா. ஜவுளி எடுக்கப் போயிருக்கறா, கடையவே எடுத்துட்டு வந்துருவா." சென்னிமலை சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்ள சொன்னாருல்ல? எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, சம்பந்தி ஊட்ல தலையெடுத்துப் பேசோணும். உங்கூட்டுக்கு வார அந்தப் புள்ள, மெர்சியோ என்னமோ பேரு, அவ கொண்டாந்ததுதானே இது? நாளைக்கு அவுங்க உன்னையக் கூப்பிட்டுக் கேட்டா ஆமாம்போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சரிங்கண்ணா என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. இருபது வருஷமாக அங்கேயே இருக்கிற சொல். அதை எடுத்து வெளியே வைப்பது ஒரு மூச்சு விடுகிற வேலை. ஆனால் அதற்குப் பிறகு, அந்தச் சொல்லை விழாமல் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நடக்க வேண்டும். சம்பந்தியிடம் சொல்ல வேண்டும். கமிட்டியிடம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை நாலு மணிக்கு மெர்சி வந்து ஃப்ளாப்பியை நீட்டும்போது அதை வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் சுமக்க அவளிடம் பலம் இல்லை. உண்மையாகவே இல்லை.

"அவ கொண்டாந்ததுல இல்லீங்கண்ணா."

"இல்லாட்டிப் போகுது. யாரு கண்டா? சொல்றதுல உனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

வெங்கடபதி பக்கத்தில் நின்று வேகமாகத் தலையசைத்தார். வேண்டாம், வேண்டாம் என்று கை காட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் வரவில்லை. ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மணி? லைன்ல இருக்கறியா?"

"இருக்கறனுங்க."

"அப்ப சொல்றே, என்ன?"

"இல்லீங்கண்ணா" என்றாள் கனகம், மெதுவாக. "நான் சொல்ல மாட்டனுங்க."